யாரும் நினைக்காத ஆளை மேலே எடுத்துவிட்டார்களே! என்எச்எல் டிராஃப்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது டொராண்டோ பக்கம். பிள்ளைகள் ஸ்கேட்டிங் அரங்கிலேயே வளர்ந்தவர்கள், பெரியவர்களில் பலர் கிரிக்கெட்டிலிருந்து ஹாக்கிக்கு வந்தவர்கள். ஒவ்வொரு ஜூன் கடைசியிலும், வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வந்ததும் ஒரே பேச்சுதான். ஏதாவது ஒரு அணி பட்டியலில் கீழே இருந்த பையனைத் தூக்கி மேலே எடுத்துவிட்டால், வருஷா வருஷம் அதே சந்தேகங்கள், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் வந்துவிடும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பதில்களில் பெரும்பாலும் ஒரே சம்பவத்துக்குத் திரும்பத் திரும்ப வருவேன்: 2019-ல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஆறாவது இடத்தில் மோரிட்ஸ் ஸைடரை எடுத்தது. இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

டிராஃப்ட் என்றால் ஐபிஎல் ஏலம் மாதிரிதானே?

இல்லை. ஏலத்தில் யாரிடம் பணம் இருக்கிறது என்பது கேள்வி. டிராஃப்டில் யாருடைய முறை என்பதுதான் கேள்வி. முந்தைய சீசனில் கீழே முடித்த அணிகளுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் உச்சியில் உள்ள சில இடங்களை லாட்டரி போட்டு முடிவு செய்வார்கள். பிறகு அணிகள் வரிசையாக ஒவ்வொரு வீரராக எடுக்கும். அந்த முறையையும், அதில் எடுத்த ஆளையும் ‘பிக்’ என்பார்கள். மொத்தம் ஏழு சுற்று. 2019-ல் 31 அணிகள் சேர்ந்து 217 பேரை எடுத்தன. எடுக்கப்பட்ட வீரரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டும்தான்.

இன்னொரு வித்தியாசம் வயது. ஏலத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஆடிக் காட்டியவர்கள். டிராஃப்டுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பதினெட்டு வயதுப் பையன்கள். இன்னும் உடம்பே முழுதாக வளராத ஒருவன் இருபத்து நான்கு வயதில் எப்படி ஆடுவான் என்பதை இன்றைக்கே கணிக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை இதுதான்.

எதிர்பாராத பிக் என்று யார் சொல்கிறார்கள்? எதை வைத்து?

பட்டியல்களை வைத்து. இளம் வீரர்களைத் தேடிப் பார்த்து மதிப்பிடுபவர்தான் ஸ்கவுட். என்எச்எல்லுக்கே மத்திய ஸ்கவுட்டிங் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அது போக விளையாட்டு சேனல்கள், தனி ஸ்கவுட்டிங் நிறுவனங்கள், பத்திரிகையாளர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தரவரிசை போடுவார்கள். ஒருவர் எல்லாப் பட்டியலிலும் பதினைந்தாவது, இருபதாவது இடத்தில் இருக்க, ஒரு அணி ஐந்தாவதாக எடுத்தால், அதை அங்கே ‘ரீச்’ என்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மத்திய ஸ்கவுட்டிங் பிரிவு ஒரே பட்டியலாகப் போடுவதில்லை. வட அமெரிக்காவில் ஆடுகிறவர்கள், ஐரோப்பாவில் ஆடுகிறவர்கள் என்று பிரித்து, அதிலும் கோல்காப்பாளர்களைத் தனியாக்கி, நான்கு பட்டியல் வரும். 2019-ல் ஸைடர் ஐரோப்பியப் பட்டியலில் ஆறாவது. அதை மொத்தத்தில் ஆறாவது என்று படித்தால் தப்பு. எல்லோரையும் கலந்து போட்ட பட்டியல்களில் அவருக்கு முதல் சுற்றின் நடுப்பகுதியில்தான் பொதுவாக இடம் கிடைத்திருந்தது.

அப்புறம், அணிகள் இந்தப் பட்டியல்களைப் பார்த்து எடுப்பதில்லை. ஒவ்வொரு அணிக்கும் சொந்த ஸ்கவுட்டுகள், சொந்தப் பட்டியல். அது வெளியே வராது. ஒரு பிக் நமக்கு அதிர்ச்சியாக இருந்தது என்றால், நம் கையில் இருந்த பட்டியலும் அந்த அணியின் பட்டியலும் வேறு என்று மட்டும்தான் தெரிகிறது. யாருடையது சரி என்று அந்த நிமிஷத்தில் சொல்ல வழியில்லை.

ஸைடர் விஷயத்தில் அன்றைக்கு என்னதான் நடந்தது?

2019 ஜூன் 21, வான்கூவர், ராஜர்ஸ் அரினா. டெட்ராய்ட் அதற்கு முந்தைய சீசனைக் கடைசியிலிருந்து நான்காவதாக முடித்திருந்தது. ஆனால் லாட்டரியில் நியூயார்க் ரேஞ்சர்ஸும் சிகாகோவும் மேலே தாவியதால் ஆறாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. அணியின் பொது மேலாளர் ஸ்டீவ் ஐசர்மன், பதவிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதே அணியில் 22 சீசன் ஆடி, தலைவராக மூன்று ஸ்டான்லி கோப்பை, அதாவது என்எச்எல்லின் சாம்பியன் கோப்பை, வாங்கியவர். அவர் திரும்பி வந்து எடுக்கும் முதல் பிக் என்பதால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

டிலன் கஸன்ஸ், டிரெவர் ஸெக்ரஸ், மேட் போல்டி, கோல் காஃபீல்ட் என்று பெயர் பெற்ற ஃபார்வர்டுகள் (கோல் அடிக்கும் முன்வரிசை வீரர்கள்) எல்லோரும் அப்போது மிச்சம் இருந்தார்கள். ஐசர்மன் மைக்கில் சொன்னது ஜெர்மனியின் மன்ஹைம் அணியில் ஆடிய டிஃபென்ஸ் வீரரின் பெயரை. கேமரா இருக்கைகளுக்குத் திரும்பியபோது தெரிந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வாய் திறந்து, கண் விரிந்து, தன் பெயர்தானா என்று நம்பாமல் பார்த்த ஒரு பதினெட்டு வயதுப் பையன். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் பலர், எடுக்கப்பட்டவனுக்கே நம்பிக்கை இல்லையே என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

29 ஆட்டத்தில் வெறும் 6 புள்ளி எடுத்த பையனிடம் அப்படி எதைப் பார்த்தார்கள்?

எண்ணிக்கை சரி. ஹாக்கியில் கோல் அடித்தால் ஒரு புள்ளி, கோலுக்கு உதவினால் ஒரு புள்ளி. 2018-19 சீசனில் அட்லர் மன்ஹைம் அணிக்காக ஸைடர் 2 கோல், 4 உதவி. கனடாவின் ஜூனியர் லீக்குகளில் எண்பது, நூறு புள்ளி எடுத்த பையன்களின் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை போலத் தெரியும்.

ஆனால் எங்கே, யாரோடு எடுத்த புள்ளி என்று பாருங்கள். ஜூனியர் லீக்கில் எதிரே இருப்பவர்கள் பதினாறிலிருந்து இருபது வயதுப் பையன்கள். ஸைடர் ஆடியது ஜெர்மனியின் முதல்நிலைத் தொழில்முறை லீக், எதிரே முப்பது வயதுக் குடும்பஸ்தர்கள். அந்த சீசனில் பெரும்பகுதி அவருக்குப் பதினேழு வயதுதான், ஏப்ரலில்தான் பதினெட்டு ஆனது. அந்த அணி அந்த வருஷம் சாம்பியன். கோப்பைக்குப் போட்டி போடும் அணியின் பயிற்சியாளர் ஒரு பதினேழு வயதுப் பையனைத் தடுப்பில் இறக்கி விடுகிறார் என்றால், அந்த நம்பிக்கைக்கு ஆறு புள்ளியைவிடக் கனம் அதிகம். அந்த வருஷ லீக்கின் சிறந்த அறிமுக வீரர் விருதும் அவருக்குத்தான்.

வெளியே பலர் அவரைப் பார்க்காததற்கும் காரணம் இருக்கிறது. இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியை எல்லா ஸ்கவுட்டும், எல்லாப் பத்திரிகையாளரும் பார்ப்பார்கள். ஜெர்மனி அந்த வருஷம் அதன் இரண்டாம் பிரிவில் ஆடியது, அங்கே கூட்டம் குறைவு. மத்திய ஸ்கவுட்டிங்கின் கடைசிப் பட்டியல் வந்தது ஏப்ரலில். மே மாதம் ஸ்லோவாக்கியாவில் நடந்த பெரியவர்களுக்கான உலகப் போட்டியில் அவர் ஜெர்மனிக்காக ஆடினார், கோலும் அடித்தார். அந்த மே மாதம் ஏப்ரல் பட்டியலில் எப்படி இருக்கும்?

வலது கை டிஃபென்ஸ் வீரர் என்றால் அப்படி என்ன விசேஷம்?

வலது கை என்பது மட்டையைப் பிடிக்கும் பக்கம். ஒவ்வொரு அணியும் ஆறு டிஃபென்ஸ் வீரர்களை இரண்டு இரண்டு பேராக இறக்கும், ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். என்எச்எல்லில் இடது பக்கம் மட்டை பிடிப்பவர்களே அதிகம். அதனால் வலப்பக்கத்துக்கு இயல்பான ஆள் எப்போதும் பற்றாக்குறை.

ஏன் அது முக்கியம் என்பதை அரங்கில் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். எதிரணி ‘பக்’கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான வட்டு) பலகையோரமாக வளைத்து அடிக்கிறது, அது சுவரை ஒட்டிக்கொண்டே வலது மூலைக்கு வருகிறது. பின்னால் ஒரு ஃபார்வர்ட் முழு வேகத்தில் மோத வருகிறான். வலது பக்கம் மட்டை பிடிப்பவனுக்கு மட்டையின் உள்ளங்கைப் பக்கம் சுவரை நோக்கி இருக்கும். வந்த பக்கை அப்படியே வாங்கி, உடம்பைத் திருப்பாமல், தலையைத் தூக்கிப் பார்த்து பாஸ் கொடுத்துவிடலாம். இடது பக்கம் பிடிப்பவன் அதே இடத்தில் மட்டையின் முதுகுப் பக்கத்தால் வாங்க வேண்டும், இல்லையென்றால் முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். அந்த அரை நொடியில் மோதல் வந்துவிடும், பக் போய்விடும். ஒரு ஆட்டத்தில் இது இருபது, முப்பது தடவை நடக்கும்.

உயரமும், ஸ்கேட்டிங் வேகமும், மோதப் பயப்படாத குணமும், இதோடு வலது பக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அபூர்வம். டெட்ராய்ட் அதற்குத்தான் விலை கொடுத்தது.

அவ்வளவு பிடித்திருந்தால் நான்கைந்து இடம் கீழே இறங்கி எடுத்திருக்கலாமே? கூடவே ஒரு பிக்கும் கிடைத்திருக்குமே?

எனக்கு வரும் கேள்விகளிலேயே நல்ல கேள்வி இது. அணிகள் பிக்குகளை மாற்றிக்கொள்ளலாம். ஆறாவதைக் கொடுத்துப் பத்தாவதையும் இரண்டாம் சுற்றில் ஒன்றையும் வாங்கிக்கொண்டு, அதே ஸைடரைப் பத்தாவதாக எடுத்தால் லாபம்தானே என்பது வாதம்.

அதற்கு இரண்டு விஷயம் கூடி வர வேண்டும். மேலே ஏறி வர விரும்பும் அணி ஒன்று வேண்டும். நடுவில் இருக்கும் எந்த அணியும் அவரை எடுக்காது என்ற தைரியமும் வேண்டும். அந்த இரவு நடந்ததையே பாருங்கள். எட்டாவது இடத்தில் எட்மன்டன் ஃபிலிப் புரோபெர்க் என்ற டிஃபென்ஸ் வீரரை எடுத்தது. எட்மன்டனின் அப்போதைய பொது மேலாளர் யார் தெரியுமா? ஐசர்மனுக்கு முன்பு டெட்ராய்ட்டில் அதே நாற்காலியில் இருந்த கென் ஹாலண்ட். அரிசோனா தன் பதினான்காவது பிக்கோடு நாற்பத்தைந்தாவதையும் கொடுத்துப் பதினொன்றாவது இடத்துக்கு ஏறி விக்டர் சோடர்ஸ்ட்ரோமை எடுத்தது. அவரும் ஐரோப்பாவில் ஆடிய வலது கை டிஃபென்ஸ் வீரர்தான். டிஃபென்ஸ் வீரர் தேடிய அணிகள் ஆறாவது இடத்துக்குக் கீழேயே காத்திருந்தன என்பது கண்கூடு.

என் கணக்கில், ஒரு வீரர் பதினைந்து வருஷம் உங்கள் அணியில் ஆடுவார் என்று உண்மையிலேயே நம்பினால், ஒரு இரண்டாம் சுற்றுப் பிக்குக்காக அவரைச் சூதில் வைக்கக் கூடாது. நம்பிக்கை அரைகுறை என்றால் கீழே இறங்குவது சரி.

சரி, எத்தனை வருஷம் கழித்துத் தீர்ப்பு சொல்லலாம்?

ஃபார்வர்ட் என்றால் மூன்று, நான்கு வருஷம். டிஃபென்ஸ் வீரர் என்றால் நான்கு, ஐந்து. கோல்காப்பாளர் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். இது சட்டம் ஒன்றும் இல்லை, பல வருஷம் பார்த்ததில் எனக்குப் படிந்த அளவு.

ஸைடரே என்எச்எல்லில் கால் வைத்தது 2021 அக்டோபரில்தான். நடுவில் ஒரு வருஷம் கிராண்ட் ரேப்பிட்ஸில், டெட்ராய்ட்டின் துணை அணியில் ஆடினார்: 49 ஆட்டம், 22 புள்ளி. அடுத்த வருஷம் கொரோனா காலம், ஸ்வீடனின் ரோக்லே அணிக்குக் கடனாகப் போனார். அங்கே லீக்கின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது, கூடவே 2021 உலகப் போட்டியின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது. அதற்குப் பிறகுதான் டெட்ராய்ட் ரசிகர்களுக்கு அவரை நேரில் பார்க்கக் கிடைத்தது.

இன்னும் பொறுமை வேண்டும் என்பதற்கு மார்க் ஷைஃப்லி. 2011-ல் அட்லாண்டாவிலிருந்து வினிபெக்குக்கு வந்த அணியின் முதல் பிக், ஏழாவது இடம். பதினைந்து வருஷம் அணியில்லாமல் கிடந்த ஊர். எல்லோரும் எதிர்பார்த்தது ஷான் கூட்டூரியேவை. ஷைஃப்லி முதல் வருஷம் 7 ஆட்டம் ஆடிவிட்டு ஜூனியருக்குத் திரும்பினார். இரண்டாம் வருஷம் 4 ஆட்டம், மறுபடி ஜூனியர். அந்த நேரத்தில் தீர்ப்பு எழுதியவர்கள் எல்லோரும் பிறகு அதை அழிக்க வேண்டி வந்தது. அவர் அந்த அணியின் முதல் வரிசை சென்டராக (நடுவில் ஆடும் ஃபார்வர்டாக) பத்து வருஷத்துக்கு மேல் நின்றுவிட்டார்.

ஸைடர் பெரிய ஆளாகிவிட்டார். அப்படியென்றால் அந்தப் பிக் சரி, அவ்வளவுதானே?

முதலில் அவர் என்ன செய்தார் என்று சொல்லிவிடுகிறேன். 2021-22, முதல் சீசன்: 82 ஆட்டம், 7 கோல், 43 உதவி, 50 புள்ளி. சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் கோப்பை. டெட்ராய்ட் வீரர் ஒருவர் அதை வாங்கியது 1965-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இறுதிப் பட்டியலில் அவரோடு இருந்த ஒருவர், அந்த இரவில் ஒன்பதாவதாகப் போன அதே ஸெக்ரஸ். அடுத்த இரண்டு சீசனிலும் ஒரு ஆட்டம் விடாமல் 82, 82. 2024 செப்டம்பரில் ஏழு வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 85.5 லட்சம் டாலர்.

ஆனால் முடிவு நன்றாக வந்ததால் மட்டும் முடிவெடுத்த விதம் சரி என்று சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடந்தவன் பத்திரமாகப் போய்ச் சேரலாம். ஸைடர் பிக்கை நான் மதிப்பது, அன்றைக்கே சொல்லக்கூடிய காரணங்கள் இருந்ததற்காக. பெரியவர்களோடு ஆடியது, சாம்பியன் அணியின் நம்பிக்கை, பட்டியல் மூடிய பிறகு வந்த உலகப் போட்டி, வலது கை. நாளைக்கு அவர் முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தையே விட்டிருந்தாலும், அந்தக் காரணங்கள் தப்பாகியிருக்காது.

ஸைடருக்கு முந்தைய வருஷம் எல்லோரும் கைதட்டி எடுத்த ஸடீனா என்ன ஆனார்? அது தப்பான பிக்கா?

புதியவர்களுக்காக: 2018-ல் டெட்ராய்ட்டுக்குக் கிடைத்ததும் ஆறாவது இடம்தான். அப்போது எடுத்தது ஃபிலிப் ஸடீனா என்ற செக் நாட்டு ஃபார்வர்டை. ஹாலிஃபாக்ஸ் ஜூனியர் அணியில் 57 ஆட்டத்தில் 44 கோல் அடித்தவர். பெரும்பாலான பட்டியல்கள் அவரை இன்னும் மேலே வைத்திருந்தன. மடியில் வந்து விழுந்த பரிசு என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள், நானும்தான். எதிர்பார்த்த கோல்கள் வரவே இல்லை. 2023-ல் இரு தரப்பும் பேசி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். ஸடீனாவுக்கு அடுத்து, ஏழாவது இடத்தில், வான்கூவர் எடுத்தது க்வின் ஹியூஸை. 2024-ல் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நாரிஸ் கோப்பை அவருக்கு.

ஒரே அணி, ஒரே எண், ஒரு வருஷ இடைவெளி. பட்டியலோடு ஒத்துப்போன பிக் கைகொடுக்கவில்லை, பட்டியலை மீறிய பிக் தூணாக நின்றது. அதற்காக ஸடீனாவை எடுத்தது முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கண்முன்னே 44 கோல் இருந்தது. ஆனால் அந்த வருஷம் யாரும் ‘ஏன்’ என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது எனக்கு இப்போது உறுத்துகிறது. அடுத்த வருஷம் ஸைடருக்குக் கேட்ட கேள்விகளை எல்லாம் ஸடீனாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஓரத்தில் நின்று கோல் அடிக்கிற பையனுக்கு மற்றவர்கள் பக் கொண்டுவந்து கொடுத்தார்களா, தானே இடம் உருவாக்கிக்கொண்டானா என்பது அதில் முதல் கேள்வி.

அப்போ எதிர்பாராத பிக் எல்லாம் கடைசியில் ஜெயித்துவிடும் என்கிறீர்களா?

அப்படிச் சொன்னால் பொய். 2007-ல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் நான்காவது இடத்தில் தாமஸ் ஹிக்கி என்ற டிஃபென்ஸ் வீரரை எடுத்தது. ஸைடரை விடப் பெரிய அதிர்ச்சி அது. அவர் கிங்ஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2013 ஜனவரியில் எந்த அணி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிங்ஸ் அவரை விட்டபோது நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்துக்கொண்டது. அங்கே பல வருஷம் நம்பகமான வீரராக ஆடினார்.

ஹிக்கியின் கதையில் இரண்டு கேள்வி தனித்தனியாகப் பிரிவதைப் பாருங்கள். இவன் என்எச்எல் ஆடுவானா? ஆடினார், அந்தக் கணிப்பு சரி. நான்காவது இடத்துக்குப் பெறுமா? பெறவில்லை. ஏழாவதாகப் போன யாக்கப் வொராச்செக்கும் ஒன்பதாவதாகப் போன லோகன் கூச்சரும் அணிகளைத் தாங்கிய ஃபார்வர்டுகள் ஆனார்கள். ஆளைச் சரியாகப் பார்த்து, இடத்தைத் தவறாகப் பார்ப்பது என்று ஒன்று உண்டு. நண்பர்களோடு வாக்குவாதம் முற்றும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பேசினாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

பின்னால் போனவர்களை வைத்து, ‘இவனை விட்டுட்டாங்களே’ என்று சொல்வது நியாயமா?

ஓரளவுக்கு. ஐம்பதாவதாகப் போன ஒருவர் நட்சத்திரமாகிவிட்டால், அவரை ஆறாவதாக எடுக்கவில்லை என்று ஒரு அணியை மட்டும் திட்ட முடியாது. எல்லா அணியும்தான் விட்டது. அன்றைக்கு உண்மையிலேயே அந்த இடத்தில் பேசப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் நியாயம். ஸைடருக்கு அது கஸன்ஸ், ஸெக்ரஸ், போல்டி, காஃபீல்ட். எல்லோரும் நல்ல வீரர்கள்தான். இருந்தாலும் அந்த வரிசையை இன்றைக்கு மறுபடி போடச் சொன்னால் ஸைடரை நான் முதல் மூன்றுக்குள் வைப்பேன்.

இந்த ஒப்பீடு ஒரு அணியை உண்மையிலேயே வலிக்கச் செய்தது 2015-ல். பாஸ்டன் புரூயின்ஸுக்கு 13, 14, 15 என்று தொடர்ந்து மூன்று பிக். யாக்கப் ஸ்போரில், ஜேக் டெபிரஸ்க், ஸாக் செனிஷின். மூன்றாவதுதான் அதிர்ச்சி. அடுத்த மூன்று பிக்: மேத்யூ பார்ஸல், கைல் கானர், தாமஸ் ஷபோ. பார்ஸல் 2018-ல் கால்டர் கோப்பை வாங்கினார், மற்ற இருவரும் தங்கள் அணிகளின் தூண்கள். செனிஷின் என்எச்எல்லில் இருபது ஆட்டம்கூட ஆடவில்லை.

பாஸ்டனிடம் காரணம் இல்லாமல் இல்லை. செனிஷின் நல்ல வேகம், பலமான ஜூனியர் அணியில் குறைந்த நேரமே ஆடி 26 கோல் அடித்தவர். நேரம் கூடினால் கோலும் கூடும் என்பது கணக்கு. ஸைடரிடம் பார்த்தது ஏற்கெனவே பெரியவர்களோடு மோதி நின்றதை. செனிஷினிடம் பார்த்தது இனி நடக்கலாம் என்பதை. இரண்டுமே ‘மற்றவர்கள் பார்க்காததை நாங்கள் பார்த்தோம்’ என்ற வகைதான், ஆனால் ஒன்றுக்குக் கையில் சாட்சி இருந்தது.

எங்கள் அணிக்கு சென்டர் இல்லை, அதனால் சென்டர் எடுத்தார்கள். அதில் என்ன தப்பு?

ஐந்தாம் சுற்றில் என்றால் தப்பில்லை. முதல் ஐந்து இடத்துக்குள் என்றால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2018-ல் மாண்ட்ரியால் மூன்றாவது இடத்தில் யெஸ்பெரி கொட்கனியெமியை எடுத்தது. அந்த அணி பல வருஷமாக நல்ல சென்டருக்கு ஏங்கியது எல்லோருக்கும் தெரியும். முதல் வருஷமே பதினெட்டு வயதில் 34 புள்ளி எடுத்தார், பிக் சரிதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மேலே சொன்ன கால அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவும் உதாரணம், இந்தத் தடவை எதிர்ப்பக்கம். 2021-ல் கரோலினா அணி அவருக்கு 61 லட்சம் டாலர் சம்பளம் முன்வைத்தது, மாண்ட்ரியால் அதே தொகையைக் கொடுக்காமல் அவரைப் போகவிட்டது. நான்காவதாக ஒட்டாவா எடுத்த பிரேடி கச்சக் அந்த அணிக்கே தலைவரானார்.

பதினெட்டு வயதுப் பையன் உங்கள் முக்கிய வீரராக ஆக நான்கைந்து வருஷம். இன்றைக்கு இருக்கும் ஓட்டை அதற்குள் வேறு எங்கோ போயிருக்கும். ஸைடரும் தேவைக்காக எடுக்கப்பட்டவர்தானே என்று கேட்பார்கள். வலது கை டிஃபென்ஸ் டெட்ராய்ட்டுக்கு மட்டும் தேவைப்பட்டது இல்லை, எல்லா அணிக்கும் எப்போதும் தேவை. அதனால் அது சந்தை விலையிலேயே சேர்ந்துவிடுகிறது.

எடுத்தது ஐசர்மன். அவர் எடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடலாமா?

வேண்டாம். டாம்பா பேயில் அவர் பொது மேலாளராக இருந்த காலத்தில் நிகிதா குச்செரோவ் 58-வது, பிரேடன் பாயின்ட் 79-வது. யாருக்கும் பெருமை தரும் கணக்கு. அதே காலத்தில் 2010-ல் ஆறாவது இடத்தில் எடுத்த பிரெட் கானலி டாம்பாவில் நிலைக்கவில்லை. 2013-ல் மூன்றாவதாக எடுத்த ஜானதன் டுருவான் மாற்றிவிடச் சொல்லிக் கேட்கும் நிலைக்குப் போனார்.

பெயரைவிட அந்த அணியின் ஸ்கவுட்டுகள் எந்தப் பகுதியில் பலமானவர்கள் என்று பார்ப்பது பயன் தரும். டெட்ராய்ட்டின் ஐரோப்பியக் கண் பழுத்த கண். ஹோகன் ஆண்டர்சன் என்ற ஸ்வீடன் ஸ்கவுட் சொல்லித்தான் 1998-ல் 171-வது இடத்தில் பாவெல் தட்சூக்கையும், 1999-ல் 210-வது இடத்தில் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க்கையும் எடுத்தார்கள். ஐரோப்பாவை அப்படிச் சலித்துப் பார்க்கும் அணி, மன்ஹைமில் ஒரு பையனைப் பார்த்தேன் என்று சொன்னால், நான் ஒரு நிமிஷம் நின்று கேட்பேன்.

அண்ணா, 2024-ல் அனஹைம் எடுத்த அந்தப் பையனும் திகைத்துப்போய்த்தானே நின்றான்? வீரனுக்கே அதிர்ச்சி என்றால் அது கெட்ட சகுனம் இல்லையா?

பெக்கெட் செனெக். லாஸ் வேகாஸில் மூன்றாவதாக அவர் பெயர் வந்தபோது அந்த முகமும் உலகம் முழுக்கச் சுற்றியது. ஐந்தாவதாக மாண்ட்ரியாலுக்குப் போன இவான் டெமிடோவோடு அவரை இன்னும் பல வருஷம் ஒப்பிடுவார்கள். அவர் ஃபார்வர்ட், ஆகவே முன்பு சொன்ன அளவுப்படி 2027, 2028 வரைக்கும் நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

முகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அணி யாரை எடுக்கப்போகிறது என்பதை முன்கூட்டி வெளியே விடாது. வேறு அணிக்குத் தெரிந்தால் மேலே ஏறி வந்துவிடுவார்கள். அதனால் அந்தப் பையனுக்கும் அவன் வீட்டாருக்கும் நம் கையில் இருக்கும் அதே பட்டியல்தான் இருக்கிறது. பதினைந்தாவதாகப் பெயர் வரும் என்று அம்மா அப்பாவோடு சட்டையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், ஆறாவதாகக் கூப்பிட்டால் வேறு எப்படிப் பார்ப்பான்? ஸைடர் அன்றைக்கு எழுந்து, அம்மா அப்பாவைக் கட்டிக்கொண்டு, மேடைக்கு நடந்துபோய் அந்தச் சிவப்புச் சட்டையைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டார். அந்தக் காணொளி கிடைத்தால் வாய் பிளந்த முதல் இரண்டு நொடியோடு நிறுத்திவிடாமல், சட்டை மாட்டும் வரைக்கும் பாருங்கள்.